நெகட்டிவ் குரூப்: ஆன்டி-டி ஊசி எப்போது, எதற்கு?

கேள்வி: எனக்கு ஓ நெகட்டிவ், கணவருக்கு பி பாசிட்டிவ். இது முதல் கர்ப்பம். "முதல் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, ஊசியைப் பிரசவத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்கிறார் மாமியார். டாக்டரோ 28-வது வாரத்திலேயே போடச் சொல்கிறார். இரண்டு தடவை அவசியமா?

பதில்: அவசியம். மாமியார் சொன்னதில் முதல் பாதி பெரும்பாலும் சரிதான். பாசிட்டிவ் குழந்தையின் ரத்தம் உங்கள் ரத்தத்தில் கலந்தால், உங்கள் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கும். இந்தக் கலப்பு அதிகம் நடப்பது நஞ்சு பிரியும்போது. ஆன்டிபாடி உருவாக வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முதல் குழந்தை தப்பிவிடும். மாட்டிக்கொள்வது அடுத்த பாசிட்டிவ் குழந்தை. ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் போய் அதன் சிவப்பணுக்களை உடைக்கும். ரத்தசோகை, உடலெங்கும் நீர்க்கோப்பு, பிறந்ததும் கடும் மஞ்சள் காமாலை வரை போகலாம்.

ஆனால் கடைசி மூன்று மாதங்களிலும் வெளியே தெரியாமல் கொஞ்சம் ரத்தம் கசிவதுண்டு. பிரசவத்துக்குப் பின் மட்டும் ஊசி போட்டால், நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு அதற்குள்ளேயே ஆன்டிபாடி உருவாகிவிடுகிறது. 28-வது வார ஊசி அதைத் தடுக்கத்தான்.

கர்ப்பம் உறுதியானதுமே, உங்கள் ரத்தத்தில் இந்த ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் ஐ.சி.டி. எனப்படும் மறைமுக கூம்ப்ஸ் டெஸ்ட் எடுத்திருப்பார்கள். 28-வது வாரத்தில் மறுபடியும் எடுக்க வேண்டும். டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்த பிறகே ஊசி. வரிசை மாறினால், ஊசி மருந்தே ஆன்டிபாடி என்பதால் டெஸ்ட் லேசாக பாசிட்டிவ் காட்டி வீட்டையே கலங்கடிக்கும். வழக்கமான அளவு 300 மைக்ரோகிராம், அதாவது 1500 யூனிட். தசையில் போடுவார்கள். பிரசவமானதும் தொப்புள்கொடி ரத்தத்தில் குழந்தையின் குரூப் பார்த்து, பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொரு ஊசி. நெகட்டிவ் என்றால் வேண்டாம். 72 மணி தாண்டிவிட்டால் விட்டுவிடாதீர்கள்; 10 நாள் வரை ஓரளவு பலன் உண்டு.

இந்த அளவு சுமார் 30 மில்லி குழந்தை ரத்தத்தைத்தான் சமாளிக்கும். நஞ்சு முன்கூட்டியே பிரிந்தாலோ, கையால் எடுக்க நேர்ந்தாலோ எவ்வளவு கலந்தது என்று அளந்து கூடுதல் டோஸ் போட வேண்டிவரலாம். இடையில் ரத்தப்போக்கு, வயிற்றில் அடி, பனிக்குட நீர் எடுக்கும் பரிசோதனை என எது நடந்தாலும் "நான் நெகட்டிவ்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். 28-வது வாரம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கேள்வி: நான் ஏ நெகட்டிவ். நாலாவது மாதத்தில் கரு கலைந்தது, ஊசி போடவில்லை. அரை வருடம் ஆகிவிட்டது. இப்போது போட்டுக்கொள்ளலாமா?

பதில்: இப்போது பயனில்லை. கூம்ப்ஸ் டெஸ்ட் எடுங்கள். நெகட்டிவ் என்றால் நிம்மதி. அடுத்த கர்ப்பத்தில் மேலே சொன்னபடியே. உண்மையாகவே பாசிட்டிவ் என்றால் ஊசியால் ஆன்டிபாடியை அழிக்க முடியாது. இந்த ஊசி வருமுன் காப்பதற்கு மட்டுமே. அப்போது கர்ப்ப காலத்தில் ஆன்டிபாடி அளவை அடிக்கடி பார்ப்பார்கள். 1:16-ஐத் தொட்டால் டாப்ளர் ஸ்கேனில் குழந்தையின் மூளை ரத்தக்குழாயில் ஓட்ட வேகத்தை அளந்து ரத்தசோகையைக் கண்டுபிடிப்பார்கள். மிஞ்சினால் கருவிலேயே ரத்தம் ஏற்றவும் வழியுண்டு. இந்த வசதிகள் உள்ள மருத்துவமனையில் ஆரம்பத்திலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஓ பாசிட்டிவ், குழந்தை ஏ பாசிட்டிவ். இரண்டாம் நாளே மஞ்சள் காமாலை. ஊசி போட்டிருந்தால் தடுத்திருக்கலாமா?

பதில்: இல்லை. இது ஏ-பி-ஓ பொருந்தாமை, அதாவது உங்கள் ஓ குரூப்பும் குழந்தையின் ஏ குரூப்பும் ஒத்துப்போகாதது. முதல் குழந்தைக்கும் வரும், தடுக்க ஊசி கிடையாது. பெரும்பாலும் லேசானது, நீல ஒளி சிகிச்சையில் சரியாகிவிடும். காலை வெயிலில் காட்டுவது அதற்கு ஈடாகாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சளுக்குக் காரணமான பொருள்) அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.