சீனத் தாவோ தத்துவத்தின் ‘வூ வெய்’ (சொல்லுக்குச் சொல் ‘செயலின்மை’) என்றால் சும்மா இருப்பதா?

மேற்கத்திய வாசகர்கள் பலருக்கும் வரும் சந்தேகம் இது. இல்லை. ‘தாவோ’ என்ற சொல்லே அவர்களுக்குச் சிக்கல்தான். தாவோவின் மூலநூலான ‘தாவோ தே ஜிங்’கை 1842இல் பிரெஞ்சில் பெயர்த்த ஜூலியன் அதை ‘வழி’ என்றார், 1911இல் ஜெர்மனில் பெயர்த்த வில்ஹெல்ம் ‘அர்த்தம்’ என்றார்.

அதனால் வூ வெய்யை விளக்க நான் சொல்லை விட்டுவிட்டு, சுவாங்சி என்ற பழைய தாவோ நூலில் வரும் சமையல்காரர் திங்கிடமிருந்து தொடங்குவேன். 19 ஆண்டுகள் மாடு அறுத்தும் அவர் கத்தி இப்போதுதான் சாணை பிடித்தது போல இருக்கிறது. எலும்பில் மோதாமல் மூட்டு இடுக்குகளில் மட்டும் கத்தியை விடுகிறார். சிக்கலான இடம் வந்தால்? கண்ணைப் பதித்து, வேகத்தைக் குறைத்து, கத்தியை லேசாக அசைக்கிறார். மண்கட்டி உதிர்வது போல இறைச்சி பிரிந்து விழுகிறது. எவ்வளவு அழகான காட்சி! இதில் சோம்பல் எங்கே இருக்கிறது? முட்டி மோதுவது மட்டும்தான் இல்லை.