மகளின் பல்கலைக்கழகக் கட்டணம்: அப்பாவின் மசேநியைத் தொடலாமா?

கேள்வி: ஐயா, என் கணவருக்கு 47 வயது, எனக்கு 44. மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. மகன் உயர்நிலை இரண்டு. பிள்ளைகளைப் படிக்கவைப்பது கர்த்தர் நமக்குக் கொடுத்த பொறுப்பு, அவர்கள் தலையில் கடனை ஏற்றக்கூடாது என்று சொல்லி, தம் மசேநியிலிருந்தே (ஓய்வுக்காலத்துக்கான மத்திய சேமநிதி) கட்டணம் கட்டப் பார்க்கிறார் கணவர். மாதம் 600 வெள்ளிதான் மிஞ்சுகிறது. சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாமா என்றும் யோசிக்கிறோம். — ஒரு தாய், ஈசூன்

பதில்: சகோதரி, பிள்ளைகளுக்காகச் சேர்த்துவைக்க வேண்டியவர்கள் பெற்றோரே என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நானும் நம்புகிறவன். உங்கள் கணவரின் எண்ணத்தில் குறையில்லை. ஆனால் மசேநியின் கல்வித் திட்டமும் கடன்தான். பணத்தை எடுத்த நாளிலிருந்தே 2.5% வட்டி ஏறும். படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு மகள்தான் அப்பாவின் கணக்கில் திருப்பிக் கட்டவேண்டும். அவர் தவிர்க்க நினைத்த கடன் எப்படியும் மகள் பேரில் வருகிறது.

பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணக் கடன் என்று ஒன்று உண்டு. மானியம் போக வரும் கட்டணத்தில் 90% வரை தருவார்கள், படிக்கும் காலத்தில் வட்டியே கிடையாது. ஆண்டுக்கு 8,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுக்கும் மசேநியிலிருந்து எடுத்தால், மகள் பட்டம் வாங்கும்போது வட்டி மட்டும் 2,050 வெள்ளி ஆகியிருக்கும். அதுவும் அப்பாவின் கணக்குக்குத்தானே போகிறது என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பணத்தை எடுக்காமல் விட்டால் அதே வட்டியை மசேநிக் கழகமே தரும், மகள் தரவேண்டியதில்லை.

கட்டணக் கடனில் அதே நான்கு ஆண்டுக்கு 28,800 வெள்ளி வாங்குவீர்கள். உங்களுக்கு மிஞ்சும் 600 வெள்ளியை 48 மாதம் சேர்த்தாலும் அதே 28,800. அதை அரசு வெளியிடும் சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரத்தில் ஐந்நூறு ஐந்நூறாகப் போட்டுவாருங்கள். முதலுக்குச் சேதமில்லாமல் எந்த மாதமும் எடுக்கலாம். பட்டம் கையில் வந்ததும் கடனை ஒரே தடவையில் அடைத்துவிடுங்கள். தாமதித்தால் வங்கி வட்டி தொடங்கும், அது 2.5 சதவீதத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம். மீதிப் பத்து சதவீதத்துக்கு மகளின் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கைப் பாருங்கள். பள்ளிக் காலத்தில் அரசு தந்து செலவழியாத எடுசேவ் பணம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கும். பலர் மறந்தே போகிறார்கள்.

தசமபாகம் உங்கள் இருவருக்கும் கர்த்தருக்கும் இடையிலான காரியம். அதில் நான் தலையிடமாட்டேன். இந்தக் கணக்கில் அதைத் தொடவேண்டிய தேவையே வரவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

மகனுக்குத் துணைப்பாடம் தேவைப்பட்டால், இந்த 600இல் கை வைக்குமுன் இந்தியச் சமூக உதவி அமைப்பான சிண்டாவின் வகுப்புகளை விசாரியுங்கள். கேட்கக் கூச்சம் வேண்டாம், உங்கள் சம்பளத்திலிருந்தும் மாதாமாதம் அதற்குச் சந்தா போகிறது. 1887இல் ஷார்ட் ஸ்திரீட் கடைவீடு ஒன்றில் மெதடிஸ்ட் மிஷனரி சோபியா பிளாக்மோர் அம்மையார் ஒன்பது இந்தியச் சிறுமிகளோடு தொடங்கிய தமிழ்ப் பெண்கள் பள்ளிதான் இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. அதற்குக் கைகொடுத்தவர்கள் இந்திய வணிகர்கள். பிள்ளைகளின் படிப்பைப் பெற்றோர் மட்டுமே சுமக்கவேண்டும் என்று நம் சபைகளில் முன்னோர் யாரும் நினைத்ததில்லை.

கணவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அறுபத்தைந்து வயதில் அவர் கையில் காசில்லாமல் போனால், அந்தப் பாரமும் இந்த மகள் மேல்தான் விழும். அப்போது அவளுக்கும் பள்ளி போகும் பிள்ளைகள் இருக்கலாம்.

கடன் படிவத்தில் உங்களில் ஒருவர் உத்தரவாதக் கையெழுத்துப் போடவேண்டியிருக்கும். அதற்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, மகளையும் மேசையில் உட்காரவைத்து இந்தத் தொகைகளை அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அவள் பேரில் வாங்கும் கடன், எவ்வளவு, எப்போது அடையும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.