வகுப்புக்கு நீங்கள் ஏன் போனீர்கள்?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ., ரத்த அழுத்தம் 138/88, வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 210. மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொல்லி, வாழ்க்கைமுறை வகுப்புக்கு வரச் சொன்னார். அவருக்கு நேரமில்லாததால் நான் போய் நோட்டில் எழுதி வந்தேன். சமையலையும் மாற்றிவிட்டேன். அவரோ வெளியே சாப்பிட்டுவிட்டு வருகிறார். “எனக்கு எங்கேயும் வலிக்கவில்லையே” என்கிறார். எப்படிப் புரிய வைப்பது?

பதில்: ‘அவருக்கு நேரமில்லாததால் நான் போய்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னால் அதைத் தாண்ட முடியவில்லை. அவருக்குப் பல்வலி என்றால் நீங்கள் போய் உட்கார்ந்து வாயைத் திறப்பீர்களா?

‘வலிக்கவில்லையே’ என்பதற்கான விடை அந்த வகுப்பில்தான் இருந்தது. இது வலித்துக் கூப்பிடுகிற நோயே அல்ல; சத்தமில்லாமல் நீரிழிவுக்கும் பக்கவாதத்துக்கும் வழி திறந்துவிடுவது. இடுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு ஆகிய ஐந்தில் மூன்று எல்லை மீறினாலே இந்தப் பெயர். உங்கள் வீட்டுக்காரருக்கு நான்கு மீறிவிட்டன. ஐந்தாவதை நீங்கள் எழுதவில்லை. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பின் எல்லை 90 செ.மீ. அது அவருக்குத் தெரியுமா? எப்படித் தெரியும், நோட்டு உங்களிடம் அல்லவா இருக்கிறது!

அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. நீரிழிவின் வாசலில் நின்றவர்களை 7 சதவீதம் எடை குறைக்கவும், வாரம் 150 நிமிடம் வேகமாக நடக்கவும் பழக்கினார்கள். நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை நோய் மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம்தான். எல்லாரும் அந்த 58ஐச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. அவரவரை எதிரே உட்காரவைத்து 16 பாடம் நடத்தினார்கள்.

நீங்கள் பாசம் என்று நினைப்பதை நான் செல்லம் என்பேன். வீட்டுக்குள் நீங்கள் வாத்தியார் ஆனதும் அவர் ஒளிந்து தின்கிற பையனாகிவிட்டார். சம்பாதித்துப் போட்டால் கடமை முடிந்தது என்கிற ஆண்களை நிறையப் பார்த்துவிட்டேன். தன் உடம்பைப் பார்த்துக்கொள்வதும் குடும்பத்துக்குச் செய்கிற கடமைதான். நாளை பக்கவாதம் வந்து படுத்தால் தூக்கி உட்காரவைப்பது யார்? அதற்கு மட்டும் உங்களுக்கு நேரம் இருக்க வேண்டுமா? இதை அவரிடம் இதே வார்த்தைகளில் கேளுங்கள்.

சமையல் மாறியது மாறியதாகவே இருக்கட்டும், வீட்டில் எல்லாருக்கும் நல்லது. நோட்டை அவர் மேஜையில் வைத்துவிடுங்கள். டேப்பையும் கொடுங்கள், இடுப்பை அவரே அளந்து எழுதட்டும். அடுத்த வகுப்பு என்றைக்கு என்று அவரே கேட்டு வரட்டும். தாராளமாகக் கூடப் போங்கள். ஆனால் “போன தடவை சொன்னதில் எதைச் செய்தீர்கள்?” என்று அங்கே கேட்கும்போது, தயவுசெய்து நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அவர் எவ்வளவு திணறினாலும் சரி.