இறங்கும்போது மட்டும் முட்டி வலித்தால்

லடாக் மலையேற்றத்துக்குப் புதுச்சேரியில் தயாராகிறேன், முட்டி வலிக்கிறது, கடற்கரைச் சாலையில் ஓட்டத்தைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூட்டாதீர்கள். படி இறங்கிப் பழகுங்கள். 12 கிலோ பையுடன் லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்குக்குப் போகவிருக்கும் உங்களுக்கு மாடிப்படி இறங்கினாலே முட்டி வலிக்கிறது என்றால், பெரும்பாலும் தொடைத் தசைதான் காரணம். இறங்கும்போது அது நீண்டபடியே எடையைத் தாங்க வேண்டும். புதுச்சேரியின் சமதரை அந்த வேலையை அதிகம் கொடுப்பதில்லை.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்குப் போங்கள். ஏறத்தாழ 800 அடி, கல் படிகள். பையில் தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கி, முதலில் பாதி எடையோடு மெதுவாக இறங்கிப் பாருங்கள். (பழத்தைக் கையில் வைத்திருந்தால் குரங்குக்குத்தான்.) மறுநாள் தொடை வலித்தால் பழக்கக் குறைவு. முட்டிக்குள் குத்தினாலோ வீங்கினாலோ எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

கால் தேறினாலும் உயரம் வேறு கணக்கு. லே நகரமே சுமார் 3,500 மீட்டர். மார்க்கா பாதையில் வரும் கோங்மாரு லா கணவாய் 5,000 மீட்டரைத் தாண்டும். விமானத்தில் போனால் உடல் உயரத்துக்குப் பழக, முதல் இரண்டு நாள் லேயிலேயே சும்மா இருங்கள்.