ஓவியம் வரைவது மனத்துக்கு உண்மையிலேயே ஆறுதல் தருமா?

தரும். என் அம்மாவை வைத்துத்தான் எனக்கு இதைச் சொல்லத் தெரியும்.

எங்கள் வீடு மட்டக்களப்பு நாவலடியில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் திட்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வீட்டோடு தம்பியையும் கொண்டுபோனது. அவனுக்கு ஏழு வயது. அல்பமும் போய்விட்டதால் அவனுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு அம்மா அவன் பேரை எடுப்பதையே விட்டுவிட்டார். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எது கேட்டாலும் "ஒண்டும் இல்ல, நல்லா இருக்கன்" என்பார். இப்படியே பத்து வருடம் போயிற்று.

ஒருநாள் தம்பியின் முகம் எனக்கே மங்கிக்கொண்டு போகிறது என்று பயம் வந்தது. பள்ளிக்கூடச் சித்திர பாடத்தோடு நின்றுபோன கை என்னுடையது. இருந்தாலும் ஒரு கொப்பி வாங்கி, ஒருவருக்கும் காட்டாமல் பென்சிலால் கீறிப் பார்த்தேன். மூன்றாம் நாள் தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா பார்த்துவிட்டார். எனக்கு நெஞ்சு அடைத்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "காது இப்பிடி இல்ல மனே. அவனுக்குக் கொஞ்சம் வெளிய தள்ளித்தான் நிக்கும்."

அழித்துவிட்டுத் திரும்பக் கீறினேன். புருவம் சரியில்லை என்றார். நெற்றியில் ஒரு தழும்பு இருக்க வேண்டும், கிணற்றுக் கட்டில் விழுந்த காயம் என்றார். அந்தக் காயத்தின் கதை வந்தது, அன்றைக்கு மாமி பட்ட பாட்டின் கதை வந்தது. துக்கத்தைப் பற்றிக் கேட்டபோது அம்மாவிடம் பதில் இருக்கவில்லை, காதைப் பற்றிக் கேட்டால் இருந்தது. சட்டைக்கு நான் எடுத்த நீலம் அவருக்குப் பிடிக்கவில்லை. "தோச்சுத் தோச்சு வெளுத்த நீலம்" என்று பெஸ்டலைத் தானே வாங்கித் தேய்த்தார்.

அன்றிரவு அவர் தூங்கவில்லை. அதன் பிறகு ஒரு மாதம் அந்தக் கொப்பியை நாங்கள் தொடவும் இல்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். வரைந்தவுடன் மனம் லேசாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பிறகுதான் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். 2016 இல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் களிமண், மார்க்கர், வெட்டி ஒட்டும் தாள்கள் என்று விரும்பியதைச் செய்ய விட்டிருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேருக்கு, மன அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும் கோர்ட்டிசோல் என்ற சுரப்பு உமிழ்நீரில் குறைந்திருந்தது. கலைப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் குறைந்தது என்பதுதான் என்னைத் தொட்டது. எங்கள் ஊருக்கு இது புதிதும் அல்ல. 1996 இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரில் அகப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து வர்ணமும் களிமண்ணும் கதையும் கொடுத்தது.

உங்கள் வீட்டிலும் செய்து பார்ப்பதென்றால், சாதாரணக் கொப்பியும் பெஸ்டல் பெட்டியும் போதும். பக்கத்தில் இருங்கள். "இது என்ன, ஏன் கறுப்பு?" என்று துருவாதீர்கள், வடிவாக இருக்கிறதா என்ற பேச்சையும் எடுக்காதீர்கள். கீறியதை வைத்து ஒருவரின் மனத்தைக் கணிப்பது நம் வேலை அல்ல. தூக்கம், சாப்பாடு கெட்டு, சாகலாம் என்ற எண்ணம் வருகிறதென்றால் கொப்பியை நம்பி இருக்க வேண்டாம். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது இலங்கையில் எங்கிருந்தும் மனநல உதவி இலக்கமான 1926 க்கு அழையுங்கள்.

இப்போது தம்பியின் படங்கள் பதினொன்று இருக்கின்றன. ஒன்றும் சரியாக அவன் மாதிரி இல்லை. போன கிழமை அம்மா கேட்டார்: "இப்ப இருந்தா தாடி வெச்சிருப்பான் என்ன? அப்பிடி ஒண்டு கீறு மனே."

பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.