நிலாவெளி மணலில் பிந்தி நட்ட தக்காளி

கேள்வி: ஐயா, நிலாவெளியில் கடற்கரையிலிருந்து கால் மைல் உள்ளே எங்கள் வளவு. தை, மாசியில் மகளின் பிள்ளைப்பேற்று வேலைகளால் தோட்டத்தைப் பார்க்க முடியவில்லை. சித்திரைப் புத்தாண்டு கழித்துத்தான் 20 தக்காளி, 30 மிளகாய், 10 கத்தரி நட்டேன். காலையும் மாலையும் மோட்டார் போட்டுக் குழாயால் தண்ணீர் விடுகிறேன். கடல் காற்றுப் படாமல் கிழக்கே கிடுகு வேலியும் அடைத்திருக்கிறேன். ஆனாலும் தக்காளி பூத்துப் பூத்துக் கொட்டுகிறது, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. மிளகாயில் குருத்திலைகள் சுருளுகின்றன. கத்தரி இலையின் ஓரம் கருகுகிறது. கடைக்காரர் தந்த மூன்று போத்தல் மருந்தையும் ஒன்றாகக் கலந்து இரண்டு தரம் அடித்தேன், குணமில்லை. நாலாவது ஒன்று இருக்கிறதாம். ‘கொஞ்சம் விலை, ஆனால் நிச்சயம்’ என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், அம்மா. நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். கேட்காததற்குத்தான் நிறையச் சொல்ல இருக்கிறது.

தக்காளிக்கு நோயே இல்லை. இரவு வெப்பம் 24 பாகைக்கு மேலேயே நின்றால் அதன் மகரந்தம் வலுவிழந்துவிடும். பூ வரும், பிஞ்சு பிடிக்காது. வைகாசி, ஆனியில் நம் கரையோரத்தில் விடியற்காலையில்கூட 25 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்கும். எந்தப் போத்தலில் இரவுக் குளிரை அடைத்து விற்கிறார்கள்? அந்தக் கடைக்காரருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் பூ நிற்க மருந்து தந்திருந்தால் அது வியாபாரம், தெரியாமல் தந்திருந்தால் அவர் சவர்க்காரம் விற்கலாம். நிழல் விழும் பக்கத்தில் நாலைந்து செடியை ஆசைக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பிடுங்கிவிடுங்கள். மனம் வராது என்று தெரியும். ஆனால் காய்க்காத 15 செடி குடிக்கும் தண்ணீரில் ஒரு பாத்தி வெண்டி காய்க்கும்.

மிளகாய்க்கு வருவோம். சுருண்ட இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நிமிர்ந்த தோணிபோல ஓரங்கள் மேல்நோக்கி வளைந்திருந்தால் சாறு உறிஞ்சும் பேன் போன்ற சிறு பூச்சி. கவிழ்த்த தோணிபோல ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, காம்பும் நீண்டிருந்தால் சிற்றுண்ணி. இரண்டும் இல்லாமல் செடியே குட்டையாகி, சிறுத்த இலைகள் கொத்துக் கொத்தாக நெருங்கி மஞ்சளோடி நின்றால் அது வெண் ஈ கொண்டுவந்த வைரசு. அதற்கு மருந்து கிடையாது. பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். மூன்றுக்கும் ‘இலைச்சுருட்டை’ என்று ஒரே பெயரைச் சொல்லி ஒரே கலவையை அடிப்பதால்தான் குணம் காண்பதில்லை. பூச்சிநாசினியைக் கண்டபடி அடித்தால் சிற்றுண்ணியைத் தின்னும் நல்ல பூச்சிகள் முதலில் செத்து, சிற்றுண்ணி பல்கிப் பெருகும். உங்கள் இரண்டாவது தெளிப்புக்குப் பிறகு சுருட்டை கூடியதா என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டளவில் செய்யக்கூடியது இது. விடியலில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். நாலு நாள் விட்டு, இடித்த வேப்பம்பருப்பு 50 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, துளி சவர்க்காரம் சேர்த்து மாலையில் தெளியுங்கள். வேம்பு பழம் உதிர்க்கும் காலம் இதோ வருகிறது, காசு கொடுத்து வாங்க வேண்டாம். சிற்றுண்ணிதான் என்று உறுதியானால் நனையும் கந்தகத்தூள் கேட்கும். அதையும் வெயில் நேரத்தில் அடித்தால் இலை வெந்துவிடும். கைவசமிருக்கும் போத்தல்களின் சுட்டுத்துண்டைப் படியுங்கள், தமிழிலும் அச்சிட்டிருக்கும். கடைசித் தெளிப்புக்கும் காய் பறிப்பதற்கும் இடையில் எத்தனை நாள் என்று அதில் இருக்கும். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்து பெற்றெழுந்தவள் இருக்கும் வீட்டில் அதைப் பார்க்காமல் ஒரு காயும் பறிக்கக் கூடாது.

இனி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இரு வேளையும் விடுகிற தண்ணீர் எங்கே போகிறது?

உங்கள் மண் கடல் மணல். விட்ட தண்ணீர் அரைமணி நேரத்தில் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும், போட்ட பசளையையும் கூட்டிக்கொண்டு. மேலே நிற்கிற ஈரத்தைக் கச்சான் காற்று வாங்கிவிடும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிச் சூடாகி நம் பக்கம் இறங்குவதுதான் கச்சான். அது வருவது மேற்கிலிருந்து. நீங்கள் கிடுகு அடைத்திருப்பது கிழக்கே! அம்மா, அந்த வேலியை இன்றைக்கே கழற்றி மேற்கும் தென்மேற்குமாக மாற்றுங்கள். மத்தியானத்துக் கடல் காற்றுத் தோட்டத்துக்கு வரும் விருந்தாளி, அதை மறிக்காதீர்கள்.

கத்தரி இலையின் ஓரம் கருகுவதற்கு உப்புத்தான் காரணம் என்பது என் ஐயம். நம் கரையோரக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உவர் அதே விகிதத்தில் ஏறும். மோட்டார் ஒரே மூச்சில் இழுக்கும்போது கிணற்றுக்கு நேர் கீழே நடப்பது இதுதான். மோட்டார் போட்ட உடன் ஒரு வாய், அரைமணி கழித்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள், நாக்கே சொல்லிவிடும். பத்து நிமிடம் இழுத்துத் தொட்டியில் நிரப்பி நிறுத்துங்கள், வாளியால் வேரடிக்கு ஊற்றுங்கள். இன்னொன்று, வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது கன்னியா வெந்நீர் ஊற்று. அதைச் செடிக்குக் காட்டாதீர்கள்.

இப்போது என் பைத்தியத்துக்கு வருகிறேன். விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குப் ‘பொச்சு ஐயா’ என்று பெயர் விழுந்தது. வருத்தமில்லை. தேங்காய்ப் பொச்சை, அதாவது தேங்காய் உரித்த மட்டையை, புதையுங்கள். மணல் நிலத்தில் வீட்டுத்தோட்டம் செய்ய இதற்கு மேல் ஓர் உபாயத்தை நான் கண்டதில்லை.

பொச்சு தன் எடையைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் தண்ணீரைப் பிடித்துவைக்கும். உக்க உக்கப் பொட்டாசியமும் தரும். ஒருமுறை புதைத்தால் ஐந்து வருடமாவது வேலை செய்யும். இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் கான் வெட்டுங்கள். பொச்சுகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க, சட்டி அடுக்குவதுபோல நெருக்கமாக அடுக்குங்கள். தோல்பக்கம் மேலே வரக் கவிழ்த்தால் தண்ணீர் வழிந்தோடிவிடும். மேலே மூன்று விரல் மணல், அதன்மேல் இன்னொரு அடுக்கு, பிறகு ஆட்டெரு அல்லது மாட்டெருவும் கிளிரிசீடியா இலையும், கடைசியில் மேல்மண். நட்டபின் சருகோ வைக்கோலோ நாலு விரல் கனத்துக்கு மூடிவிடுங்கள். இரு வேளைத் தண்ணீர் ஒரு வேளையாகும். செடி வேர் விட்டபின் ஒன்றுவிட்ட ஒரு நாள்கூடப் போதும்.

ஒரு தவறைச் செய்யாதீர்கள், நான் செய்திருக்கிறேன். உரித்த கையோடு பச்சைப் பொச்சைப் புதைத்து அதே வாரம் கத்தரி நட்டேன். 12 கன்றும் மஞ்சளித்து நின்றன. பொச்சின் கறுத்த சாயத் தண்ணீர் இறங்க வேண்டும். ஒரு வாரம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதையுங்கள். எருவைத் தாராளமாகப் போடுங்கள், பொச்சு உக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். களப்பில் ஊறவைத்த தும்புப் பொச்சை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள், அது உப்புப் பொதி. புதைக்காமல் முற்றத்தில் குவித்து வைத்தால் நுளம்பு பெருகும். 2017 இல் கிண்ணியா பட்ட டெங்குப் பாடு நினைவிருக்கும். கறையான் வராதா என்று கேட்பார்கள். காய்ந்த பொச்சுக்கு வரும், ஈரமாக வைத்திருந்தால் பெரும்பாலும் எட்டிப் பார்க்காது.

சாக்கில் வரும் ‘சேதனப் பசளை’யைப் பற்றி எனக்கு நல்ல எண்ணமில்லை. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்திய மாதங்களில் நானே ஒரு சாக்கு வாங்கி ஏமாந்தேன். தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன், பாதி மணல், பாதி மரத்தூள். மணல் நம்மிடமே இருக்கிறதே!

பிந்திவிட்டது என்று கவலைப்பட வேண்டாம், பயிரை மாற்றினால் சரி. வெண்டியை இப்போதே நேரடியாக விதையுங்கள், எம்.ஐ.5, எம்.ஐ.7 இரண்டும் வறண்ட வலயத்துக்கு மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையம் தந்தவை, பெயரிலிருக்கும் எம்.ஐ. அந்த ஊர்தான். பயற்றங்காய், கௌபி, வற்றாளைக் கொடி, மரவள்ளி எல்லாம் இந்த வெயிலைத் தாங்கும். முளைக்கீரைக்கு மூன்று, நாலு வாரம் போதும். பொன்னாங்காணியைக் குசினித் தண்ணீர் போகும் வழியில் ஊன்றுங்கள். கத்தரியைப் பிடுங்க வேண்டாம். நல்ல தண்ணீரும் மூடுபடையும் கிடைத்தால் தேறிவிடும். தக்காளி வேண்டுமானால் கார்த்திகைக் கடைசியில் கூரை போட்ட நாற்றுமேடை, பெருமழை ஓய்ந்ததும் நடுகை. தை, மாசி இரவுகளில் காய் பிடிக்கும். அதற்குள் பொச்சும் உக்கத் தொடங்கியிருக்கும். இடையில் அவசரச் சந்தேகம் வந்தால் கடைக்குப் போகுமுன் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள்.

பொச்சுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் இது வெள்ளைக்காரர் வரும் பருவம். விடுதிகளின் பின்பக்கத்தில் செவ்விளநீர்க் கோம்பை மலையாய்க் குவிந்து, குப்பை வண்டிக்குக் காத்துக் கிடக்கிறது. அதுவும் உதவும், நாலாகப் பிளந்து ஊறவைத்தால் சரி. மருமகனிடம் இரண்டு வெற்றுச் சாக்கும் ஒரு கத்தியும் கொடுத்து அனுப்புங்கள்.