கம்பத்துக்கு ஏன் தண்ணி ஊத்துறோம்?

கேள்வி: எங்க மாமியார் ஊர்ல மாரியம்மன் நோம்பி (திருவிழா) சாட்டுனா, அதாவது அறிவிச்சா, கம்பத்துக்கு தினமும் மஞ்சத்தண்ணி ஊத்தணும்ங்கறாங்க. இதெல்லாம் எதுக்குங்க?
- வாசகி, திருப்பூர்

பதில்: கொங்கு பக்கம் இதுதாம்மா ஊரையே சுத்தம் பண்ற சடங்கு. பால் வடியற மரத்துல மூணு கிளை பிரியற கம்பா பாத்து வெட்டி கோயில் முன்னாடி நடுவாங்க, அதை அம்மனோட புருஷனாவே நினைப்பாங்க, விடிகாலைல பொண்ணுங்க ஈரத்துணியோட குடத்துல மஞ்சளும் வேப்பிலையும் போட்டு கொண்டுவந்து ஊத்துவாங்க, ராத்திரியானா அதை சுத்தி கம்பத்தாட்டம். இந்த நோம்பி வர்றது, முன்னெல்லாம் அம்மை பயம் இருந்த கோடை காலத்துல. பெரியம்மை ஒழிஞ்சதா 1980ல அறிவிச்சாச்சு, ஆனா குடம் நிக்கல பாருங்க. ஈரோடு பெரிய மாரியம்மன் கோயில்ல கம்பத்த ஊர்வலமா எடுத்துட்டு போய் காவிரில விடுவாங்க, அன்னைக்கு ரோடு பூரா மஞ்சத்தண்ணிதான்.

வெளியூர்ல வேலை பாக்கறவங்ககூட இதுக்குன்னு லீவு போட்டு வந்துடறாங்க. நோம்பிக்கு வரி குடுத்து, தண்ணி ஊத்துனாதான் நான் இந்த ஊர்க்காரன்னு ஒரு நினைப்பு. ஆனா சில ஊர்ல இன்னும் ஒரு தெருக்காரங்கள தண்ணி ஊத்த விடறதில்ல, அது ரொம்ப தப்பு, அம்மை தெரு பாத்தா வந்துச்சு? நீங்க தாராளமா குடம் எடுங்கம்மா.